டெயில்வீல் விமானம் ஏன் தரையில சுத்துது? திரும்பத் திரும்ப என்கிட்ட கேட்ட கேள்விகள்

நான் பறக்கக் கத்துக்கிட்டது மூக்குச் சக்கரம் வெச்ச செஸ்னா 172-ங்கற சின்ன விமானத்துல. அதுக்கப்புறம் அமெரிக்காவுல ஒரு சின்ன புல்தரை ஓடுபாதையில சிட்டாப்ரியான்னு ஒரு ரெண்டு சீட்டு டெயில்வீல் விமானத்துல ஏறினேன், ஏறின நாள்லேர்ந்து எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் வேற வேற வார்த்தையில கேக்குறாங்க. சித்தப்பா கேட்டார், சிமுலேட்டர் ஓட்டுற பசங்க கேட்டாங்க, லைசன்சுக்குப் படிக்கிற பொண்ணு ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போடுறேன். கேள்விங்கள அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

டெயில்வீல் விமானம்னா என்னங்க? எல்லா ப்ளேன்லயும் பின்னால சக்கரம் இருக்கத்தானே செய்யுது?

நீங்க ஏர்போர்ட்ல பாக்குறதுல மூக்குக்குக் கீழ ஒரு சக்கரம் இருக்கும், வயித்துக்குக் கீழ ரெண்டு பெரிய மெயின் சக்கரம் (பெரிய ப்ளேன்னா ரெண்டு தொகுதி) இருக்கும், அது நோஸ்வீல் டைப். டெயில்வீல்ல அந்த ரெண்டு மெயின் சக்கரம் கொஞ்சம் முன்னால இருக்கும், மூணாவது ஒரு குட்டிச் சக்கரம் வாலுக்கு அடியில. அதனால தரையில நிக்கிறப்ப மூக்கத் தூக்கிக்கிட்டு, நாய் உக்காந்த மாதிரி நிக்கும். பைப்பர் கப், டிசி-3, ஸ்பிட்ஃபயர் எல்லாம் இந்த ஜாதி. நம்ம பெங்களூர் எச்.ஏ.எல் செஞ்ச எச்.டி-2வும் புஷ்பக்கும் இதேதான், 60, 70கள்ல இந்திய ஃப்ளையிங் கிளப்கள்ல படிச்ச பழைய பைலட் யாராவது கிடைச்சா புஷ்பக் பத்திக் கேட்டுப் பாருங்க, அரை மணி நேரத்துக்கு விடமாட்டாங்க.

க்ரௌண்ட் லூப்னா வானத்துல அடிக்கிற குட்டிக்கரணத்த தரையில அடிக்கிறதா?

இல்ல. பேர் அப்படி இருக்கு, அவ்ளோதான். தரையில ஓடிக்கிட்டு இருக்குற விமானம் பைலட் கையை விட்டுப் போயி பம்பரம் மாதிரி சட்டுனு ஒரு பக்கமா திரும்பிடுறதுதான் க்ரௌண்ட் லூப். சில சமயம் கொஞ்சம் திரும்பினதோட நிக்கும், சில சமயம் நல்லாவே சுத்தி, வந்த திசையப் பாத்து நிக்கும்.

திரும்புறதோட முடிஞ்சா பரவாயில்ல. வேகமா வளையிற பஸ்ல நாம வெளிப்பக்கமா சாயிறோம்ல, அது மாதிரி விமானமும் வளைவுக்கு வெளிப்பக்கமா சாயும், அந்தப் பக்க இறக்கை நுனி தரையில உரசும், பாரம் எல்லாம் அந்தப் பக்க ஒத்தக் கால்ல (சக்கரத்த விமானத்தோட இணைக்கிற தண்டு) இறங்கும், கால் மடங்கலாம், ப்ரொப்பெல்லர் மண்ணைக் கொத்தலாம். ப்ரொப்பெல்லர் அடிபட்டா எஞ்சினையும் பிரிச்சுப் பாக்கணும், பில்லு அங்கதான் எகிறும். ஆளுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, மானம்தான் போகும்.

சரி ஏன் சுத்துது? ஃபிசிக்ஸ் எல்லாம் எனக்கு வராது, புரியுற மாதிரி சொல்லுங்க

லாரியில இருந்து ஒரு பீரோவ பலகையில சரிச்சு இறக்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. மேல நின்னு கயித்தக் கட்டி பின்னால இழுத்துப் பிடிச்சுக்கிட்டே விட்டா பீரோ நேரா இறங்கும், கொஞ்சம் கோணினாலும் கயிறே இழுத்து நேராக்கிடும். அதையே கீழ நின்னு முன்னாலேர்ந்து நெஞ்சக் கொடுத்துத் தாங்கிப் பாருங்க, கொஞ்சம் கோணுச்சுன்னா போதும், பீரோவோட கனம் பக்கவாட்டுல உங்களத் தாண்டிப் போகப் பாக்கும், கோண கோண இன்னும் வேகமா கோணும். தடுக்குற கை கனத்துக்குப் பின்னால இருந்தா நிம்மதி, முன்னால இருந்தா தலைவலி.

விமானத்துல தடுக்குற கை மெயின் சக்கரத்தோட டயர். கனம்ங்கறது எடை மையம், பைலட்டுங்க சி.ஜி.ன்னு சொல்லுவாங்க. நோஸ்வீல்ல சி.ஜி. மெயின் சக்கரத்துக்கு முன்னால இருக்கு, அதனால டயர் பின்னாலேர்ந்து கயிறு பிடிக்குது. டெயில்வீல்ல சி.ஜி. மெயின் சக்கரத்துக்குப் பின்னால இருக்கு, டயர் முன்னாலேர்ந்து நெஞ்சக் கொடுக்குது. விமானம் நேராப் போய்க்கிட்டு இருக்கு, மூக்கு மட்டும் லேசா இடப்பக்கம் திரும்பிடுச்சுன்னு வைங்க. டயருங்க இப்ப ஓடுற திசைக்குக் கோணலா நிக்குது, அதனால தரை டயர இடப்பக்கமா தள்ளுது. அந்தத் தள்ளு சி.ஜி.க்கு முன்னால விழுறதால மூக்க இன்னும் இடப்பக்கம் திருப்புது, மூக்கு திரும்பத் திரும்ப தள்ளும் கூடுது. தானா நேராகவே ஆகாது. இந்த ஒரு பத்திய மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர்ற முக்கால்வாசி பதில் இதுலேர்ந்துதான் வருது.

அப்போ சக்கரத்த சி.ஜி.க்குக் கிட்ட தள்ளி வெச்சா முடிஞ்சுதுல்ல, இதுக்கு இன்ஜினியரிங் படிக்கணுமா?

கிட்ட வெச்சா சுத்துற ஆசை குறையும்தான். ஆனா சி.ஜி. மெயின் சக்கரத்துக்கு நேர் மேல வந்துச்சுன்னா லேசா பிரேக் தொட்டாலே வால் தூக்கி மூக்கு தரையில குத்திடும். இந்தப் பக்கம் இழுத்தா சுத்தும், அந்தப் பக்கம் இழுத்தா குப்புற விழும், டிசைன் பண்றவங்க நடுவுல ஒரு இடத்துல பேரம் பேசி வெச்சிருக்காங்க. இன்னும் பின்னால தள்ளி சி.ஜி.யத் தாண்டி வெச்சா அதுக்கு மூக்குல ஒரு சக்கரம் வேணும், அப்ப அது நோஸ்வீல் ப்ளேன்.

இதுல ஒரு குட்டி விஷயம், பின் சீட்டுல கனமான ஆள், அதுக்கும் பின்னால சூட்கேஸ்னு ஏத்தினா சி.ஜி. இன்னும் பின்னால போகும். தனியா ஓட்டினப்ப சாதுவா இருந்த அதே விமானம் அன்னிக்கு முரண்டு பிடிக்கும்.

அந்தக் காலத்துல எல்லாரும் இதத்தானே ஓட்டினாங்க, அவங்க என்ன தினமும் சுத்திக்கிட்டா இருந்தாங்க?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. சுத்தத்தான் செஞ்சாங்க, ஆனா ஆரம்பகாலத்துல இடம் அவங்களுக்கு சாதகமா இருந்துச்சு. அப்ப ஏரோட்ரோம்னாலே பெரும்பாலும் ஒரு பெரிய புல்வெளிதான், இதுதான் ரன்வேன்னு கோடு கிடையாது. காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அதுக்கு நேரா மூக்க வெச்சு இறங்கிடலாம், பக்கக் காத்துங்கற பிரச்சனையே பாதி இல்ல. ரெண்டாவது, புல்லுல டயர் கொஞ்சம் வழுக்கும். மேல சொன்ன பக்கவாட்டுத் தள்ளு புல்லுல கம்மி, தார் ரோட்டுல டயர் கவ்விப் பிடிக்கும். மூணாவது, டைகர் மாத் மாதிரி பழசுங்கள்ல வாலுக்கு அடியில சக்கரமே கிடையாது, ஒரு இரும்புக் கட்டைதான், டெயில் ஸ்கிட்ம்பாங்க. அது புல்ல உழுதுக்கிட்டே வரும், அதாவது பீரோவுக்குப் பின்னால கட்டின கயிறு. டைகர் மாத்ல ஒரிஜினலா பிரேக்கும் கிடையாது, அந்தக் கட்டைதான் பிரேக்.

அப்புறம் கான்கிரீட் வந்துச்சு, நீளமா ஒல்லியா ஒரே திசையில ரன்வே போட்டாங்க, காத்து வேற திசையில அடிச்சாலும் இதுலதான் இறங்கணும்னு ஆச்சு, கட்டை போயி உருளுற சக்கரம் வந்துச்சு. விமானம் மாறல, தரைதான் மாறுச்சு. எனக்கென்னவோ இந்த விமானங்களுக்கு வந்த கெட்ட பேர்ல பாதிய ரன்வே மேல எழுதணும்னு தோணுது.

தரையத் தொட்ட உடனேயே நடக்குமா, எந்த நேரம் டேஞ்சர்?

தொட்ட உடனே நடக்கலாம், கோணலா தொட்டா. ஆனா நிறைய பேர் மாட்டுறது அதுக்கப்புறம், அப்பாடா இறங்கியாச்சுன்னு மூச்சு விடுற அந்த நேரத்துல.

வேகமா ஓடுறப்ப வால்ல இருக்குற ரடர் (கால் பெடலால ஆட்டி மூக்க இடம் வலமா திருப்புற பலகை) மேல காத்து நல்லா அடிக்கும், ரடர் மிதிச்சா மூக்கு கேக்கும். ரொம்ப மெதுவா ஆனதும் வால் சக்கரம் தரைய நல்லா பிடிச்சிருக்கும், அது பெடலோட இணைஞ்சதுன்னா அதுலயே திருப்பிக்கலாம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கெட்ட நேரம் இருக்கு, ரடருக்குக் காத்து பத்தாது, இறக்கை இன்னும் கொஞ்சம் எடையத் தாங்கிக்கிட்டு இருக்குறதால வால் சக்கரத்துல அழுத்தமும் பத்தாது. போதாக்குறைக்கு வால் இறங்கிட்டா மூக்கு தூக்கி நிக்குற உடம்பே ரடருக்கு வர்ற காத்த கொஞ்சம் மறைச்சிடும். அதனாலதான் தரையில உக்காந்ததும் ஸ்டிக்க (கையில பிடிச்சு ஓட்டுற கட்டுப்பாட்டுக் குச்சி) வயித்தோட ஒட்டி இழுத்துப் பிடின்னு இன்ஸ்ட்ரக்டர் கத்துவாங்க, வால் அழுந்தினா சக்கரம் சீக்கிரம் பிடிக்கும்.

பக்கவாட்டுக் காத்து அடிச்சா ஏன் இன்னும் மோசமாகுது? காத்து தள்ளினா அது போற பக்கம்தானே போகணும், ஏன் காத்த நோக்கித் திரும்புது?

கோழி பொம்மை வெச்ச காத்துத்திசைகாட்டி பாத்திருப்பீங்க, வால் பெருசு, அதனால காத்து வால தள்ளி மூக்க காத்தப் பாக்க வெக்கும். விமானமும் அதேதான், மெயின் சக்கரம்தான் அச்சு, அதுக்குப் பின்னால முதுகும் வாலுமா எவ்ளோ பரப்பு இருக்கு பாருங்க. வலப்பக்கமிருந்து காத்து அடிச்சா வால் இடப்பக்கம் போகும், மூக்கு வலப்பக்கம். அந்தச் சின்னத் திருப்பம் போதும், மிச்சத்த மூணாவது கேள்வியில சொன்ன கணக்கு பாத்துக்கும்.

இன்னொரு சிக்கல், காத்துல நேரா வர்றதுக்காக மூக்க காத்துப் பக்கம் கோணலா வெச்சுப் பறந்துட்டு அப்படியே தரையத் தொட்டா நோஸ்வீல் ப்ளேன் ஒரு உலுக்கு உலுக்கி நேராயிடும், மன்னிச்சு விட்டுடும். இது மன்னிக்காது. அதனால காத்து வர்ற பக்க இறக்கைய தாழ்த்தி, எதிர் பக்க ரடர மிதிச்சு, மூக்கு ரன்வேக்கு நேரா இருக்குற மாதிரி வெச்சு முதல்ல அந்தத் தாழ்ந்த பக்கச் சக்கரத்துல இறங்கணும், அப்புறம் அடுத்தது. தொட்டப்புறமும் ஸ்டிக் காத்துப் பக்கமே சாஞ்சிருக்கணும், வேகம் குறையக் குறைய இன்னும் சாய்க்கணும், நிக்கிற வரைக்கும். இதுல ஒரு கூடுதல் லாபம், எதிர் பக்க இறக்கையில கீழ இறங்கின எய்லரான் (இறக்கையோட பின் ஓரத்துல ஏறி இறங்குற பலகை) காத்தத் தடுத்து மூக்க காத்துப் பக்கம் போகவிடாம கொஞ்சம் இழுக்கும்.

ரடர் பெடல மிதிச்சா நேராயிடும்ல, அப்புறம் என்ன கஷ்டம்?

விளக்கமாத்த உள்ளங்கையில செங்குத்தா நிறுத்தி விளையாடியிருக்கீங்களா? அது சாய ஆரம்பிச்ச உடனே கைய ஒரு இன்ச் நகர்த்தினா நிக்கும். கொஞ்சம் விட்டுப் பிடிச்சா ஒரு அடி நகரணும். இன்னும் விட்டா ஓடணும், ஓடினாலும் விழும். டெயில்வீலும் அதே கதைதான். மூக்கு ரெண்டு டிகிரி திரும்பினப்ப ஒரு தட்டு போதும், பத்து டிகிரி ஆனப்புறம் முழு பெடலும் பத்தாம போகலாம்.

புதுசா வர்றவங்க ரெண்டு விதமா சொதப்புவாங்க. ஒண்ணு, கவனிக்கவே லேட்டாகும். இன்னொண்ணு, பெடல மிதிச்சுட்டு அப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. மூக்கு திரும்பி வர ஆரம்பிச்ச உடனே காலை எடுக்கணும், தேவைன்னா எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் தட்டும் தட்டணும், இல்லன்னா நேர்க்கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போகும், அதைப் பிடிக்க இந்தப் பக்கம் பெருசா மிதிப்பீங்க, ஒவ்வொரு ஆட்டமும் முன்ன விட பெருசாகி கடைசியில ஒண்ணுல சுத்திடும். தட்டு, விடு, தட்டு, விடு, அவ்ளோதான், கால் சும்மா இருக்கவே கூடாது. பாக்குற இடமும் முக்கியம், மூக்குக்கு முன்னாடியே பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு டிகிரி கண்ணுக்குத் தெரியாது, ரன்வேயோட கடைசியப் பாக்கணும். ஸ்டியர்மன் மாதிரி விமானத்துல வால் இறங்கினா முன்னால ஒண்ணுமே தெரியாது, அங்க ரெண்டு பக்க ஓரத்தையும் ஓரக்கண்ணால அளந்துக்கிட்டே வரணும்.

த்ரீ பாயிண்ட் லேண்டிங் நல்லதா வீல் லேண்டிங் நல்லதா?

இதக் கேட்டா சண்டை வரும், இட்லிக்கு சட்னியா சாம்பாரான்னு கேக்குற மாதிரி. மூணு சக்கரமும் ஒண்ணா தொடுறது த்ரீ பாயிண்ட், மெதுவான வேகத்துல தொடலாம், வேகம் பாதியானா மோதுற சக்தி கால்வாசி ஆகும், அதனால தப்பு நடந்தாலும் அடி கம்மி. வீல் லேண்டிங்ல மெயின் சக்கரம் ரெண்டும் முதல்ல தொடும், தொட்ட உடனே ஸ்டிக்க லேசா முன்னால தள்ளி ஒட்ட வெக்கணும், வால் காத்துல நிக்கும், முன்னால நல்லா தெரியும், ரடரும் நல்லா கேக்கும். ஆனா வேகம் அதிகம், அப்புறம் என்னிக்கிருந்தாலும் வால் இறங்கித்தானே ஆகணும், ஆறாவது கேள்வியில சொன்ன கெட்ட நேரத்த தள்ளிப் போடலாமே தவிர தாண்டிக் குதிக்க முடியாது. டிசி-3 ஓட்டுறவங்க பெரும்பாலும் வீல் லேண்டிங்தான் போடுவாங்க. கப், சிட்டாப்ரியா மாதிரி சின்னதுக்கு நான் த்ரீ பாயிண்ட் கட்சி. காத்து தாறுமாறா அடிச்சா மட்டும் கட்சி மாறுவேன்.

பேசாம பிரேக்க அமுக்கிட்டா?

ரெண்டையும் சேர்த்து அமுக்கினா மூக்கு குத்தும், நாலாவது கேள்வியப் பாருங்க. பிரேக்க ஸ்டியரிங் மாதிரி ஒத்தப் பக்கம் மட்டும் தொடலாம், மூக்கு இடப்பக்கம் போனா வலது பிரேக் ஒரு குத்து. பழைய பைப்பர் கப்ல பிரேக்க குதிகாலால மிதிக்கணும், கால் முன்பாதம் ரடர்ல, குதிகால் பிரேக்ல, முதல் நாள் பரதநாட்டியம் கத்துக்குற மாதிரி இருக்கும். இன்னொரு பக்கமும் இருக்கு, ஒரு பக்க பிரேக் லேசா ஒட்டிக்கிட்டு விடாம இருந்தாலோ ஒரு டயர்ல காத்து கம்மியா இருந்தாலோ அதுவே சுத்தல ஆரம்பிச்சு வெக்கும்.

டேக் ஆஃப்ல இது நடக்காதுல்ல?

நடக்கும். உலகத்துலேயே பேர் போன க்ரௌண்ட் லூப்கள்ல ஒண்ணு டேக் ஆஃப்ல நடந்ததுதான். 1937 மார்ச் 20, ஹவாயில லூக் ஃபீல்டு. அமீலியா இயர்ஹார்ட்ங்கற அமெரிக்கப் பெண் பைலட் உலகத்தச் சுத்துற முதல் முயற்சியில ரெண்டாவது கட்டமா பசிபிக் கடல்ல இருக்குற ஹௌலாண்ட் தீவுக்குக் கிளம்புறாங்க, லாக்ஹீட் எலெக்ட்ரா, ரெண்டு எஞ்சின், எரிபொருள் ஏத்தி கனமா இருக்கு. ஓடுறப்ப விமானம் திரும்ப ஆரம்பிச்சு, கட்டுப்படாம சுத்தி, கால் உடைஞ்சு வயித்துல சறுக்கி நின்னுச்சு. உள்ள இருந்த மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகல, தீயும் பிடிக்கல. டயர் வெடிச்சதா, ரெண்டு எஞ்சினோட த்ராட்டிலையும் (பவர் கொடுக்குற லிவர்) ஏத்தி இறக்கித் திருப்பப் பாத்ததுல கை மீறுச்சான்னு இன்னும் வாதம் ஓடுது. விமானத்த கப்பல்ல ஏத்தி கலிஃபோர்னியா கொண்டுபோய் ரிப்பேர் பண்ணி, அடுத்த முயற்சிய எதிர்த்திசையில கிழக்க நோக்கி ஆரம்பிச்சாங்க. அந்த வழியிலதான் கராச்சி, கல்கத்தா எல்லாம் வந்துட்டுப் போனாங்க. அதே ஹௌலாண்ட் தீவத் தேடிப் போய்த்தான் ஜூலை 2 அன்னிக்குக் காணாமப் போனாங்க.

ஒத்த எஞ்சின்ல வேற ஒரு தொல்லை. ஃபுல் பவர் கொடுத்தா ப்ரொப்பெல்லர் காத்தும் முறுக்கும் சேர்ந்து மூக்க ஒரு பக்கமா இழுக்கும், வால் தூக்குற நொடியில சுத்துற பம்பரத்தச் சாய்ச்சா வர்ற எதிர்ப்பு மாதிரி இன்னொரு இழுப்பும் சேரும். அமெரிக்க எஞ்சின்ல பெரும்பாலும் இடப்பக்கம் இழுக்கும், வலது கால் ரெடியா இருக்கணும். டைகர் மாத்தோட ஜிப்ஸி எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்துறதால அது வலப்பக்கம் இழுக்கும், சிட்டாப்ரியா பழக்கத்துல அதுல போய் வலது கால மிதிச்சா அவ்ளோதான்.

ஸ்பிட்ஃபயரும் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ம் கால் ரொம்பக் குறுகலா இருக்கும்னு படிச்சேன், அதனாலதான் அதுங்க அதிகமா சுத்துச்சா?

ரெண்டும் ரெண்டாம் உலகப்போர் சண்டை விமானங்கள். குறுகலா இருக்குறது சுத்தல ஆரம்பிக்காது, ஆரம்பிச்சத மோசமாக்கும். சுத்துற ஆசை சி.ஜி. எங்க இருக்குங்கறதுலேர்ந்து வருது. ஆனா காலுங்க கிட்டக் கிட்ட இருந்தா சாயிறது சுலபம், இறக்கை நுனி சீக்கிரம் உரசும். ஒருபக்க பிரேக் தொட்டாலும் திருப்புற பலம் கம்மி, கைப்பிடி குட்டையா இருக்குற ஸ்பானர் மாதிரி. ரெண்டுலயும் காலுங்க உடம்புக்குப் பக்கத்துல மாட்டி வெளிப்பக்கமா மடங்கும். 109-ல காலே உடம்போட மாட்டினது, இறக்கையக் கழட்டினாலும் சக்கரத்துல நிக்கும், பராமரிப்புக்கு வசதி, பைலட்டுக்கு வசதி இல்ல. அதே காலத்து ஹரிக்கேன்ல கால் உள்பக்கமா மடங்கும், அகலமா நிக்கும், அதனால மோசமான தரையிலயும் நம்பி இறக்கலாம்னு நல்ல பேர் வாங்குச்சு.

வால் சக்கரத்த லாக் பண்ணி வெச்சா திரும்பவே திரும்பாதே?

நல்ல யோசனை, ஏற்கனவே இருக்கு. டிசி-3-ல ஒரு லிவர் இருக்கு, ஓடுறதுக்கு முன்னாடி வால் சக்கரத்த நேரா பூட்டிடுவாங்க. மஸ்டாங் பி-51-ல ஸ்டிக்க பின்னால இழுத்தா வால் சக்கரம் பூட்டிக்கிட்டு பெடலுக்கு ரெண்டு பக்கமும் ஆறு டிகிரி மட்டும் திரும்பும், ஸ்டிக்க முன்னால தள்ளினாத்தான் முழுசா சுழலும். ஆனா பூட்டினாலும் அந்தக் குட்டிச் சக்கரத்து மேல எடை இருந்தாத்தான் பிடிக்கும், எடையில்லாதப்ப பூட்டு இருந்து என்ன. பூட்ட மறந்துட்டு டேக் ஆஃப் போனா அது தனிக்கதை. சின்ன விமானங்கள்ல ஸ்ப்ரிங் வழியா பெடலோட இணைச்சிருப்பாங்க, ஒரு கோணத்தத் தாண்டினா கிளிப் விட்டு சுதந்திரமா சுழலும், பார்க்கிங்ல வசதி. ஸ்ப்ரிங் தளர்ந்து போய் அந்தக் கிளிப் தேய்ஞ்சிருந்தா ஓடுறப்பவே விட்டுடும், அதனால பறக்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு அதைப் பாருங்க, நிறைய பேர் குனியிறதில்ல.

சுத்த ஆரம்பிச்சிருச்சு சார், இப்ப என்ன பண்றது? பவர் கொடுத்து மேல தூக்கிடலாமா?

இப்பத்தான் லேசா ஆரம்பிச்சிருக்கு, வேகமும் இருக்கு, முன்னால இடமும் இருக்குன்னா முழு எதிர் ரடரோட ஒரு வீச்சு பவர் கொடுங்க, ப்ரொப்பெல்லர் காத்து நேரா ரடர்ல அடிக்கும், செத்துக்கிடந்த ரடர் உயிர் பெறும். அப்படியே மறுபடி பறந்துபோய் இன்னொரு தடவ இறங்கலாம், அதுல அவமானமே இல்ல. ஆனா பவர் கொடுத்தா மூக்கு எந்தப் பக்கம் இழுக்கும்னு டேக் ஆஃப் கேள்வியில பாத்தோமே, அதே பக்கமா ஏற்கனவே சுத்திக்கிட்டு இருந்தா பவர் எதிரியாவும் ஆகும்.

மூக்கு நல்லாவே திரும்பிடுச்சு, ரன்வே ஓரத்தப் பாத்து ஓடுதுன்னா பவர் கொடுக்காதீங்க. வேகத்தச் சேர்த்துக்கிட்டு ஹேங்கருக்குள்ள போறத விட மெதுவா சுத்தி புல்லுல நிக்கிறது மேல். பவர் முழுசா கட், ஸ்டிக் வயித்தோட, எதிர் ரடர், எதிர் பிரேக், ஸ்டிக்க சுத்துற பக்கமாவே சாய்ங்க, வெளிப்பக்க இறக்கை தரையில படாம இருக்க அது கொஞ்சம் உதவும். அதுக்கப்புறம் விமானம் முடிவு பண்ணும்.

டெயில்வீல் பைலட்ல ரெண்டே வகை, சுத்தினவங்க, இனிமே சுத்தப்போறவங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

எனக்கு இந்த வசனம் பிடிக்காது. ஏதோ அம்மை போடுற மாதிரி எல்லாருக்கும் ஒரு தடவ வந்தே தீரும்னு சொல்ற மாதிரி இருக்கு. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டி ஒரு தடவ கூட சுத்தாதவங்க இருக்காங்க.

நான் பாதி சுத்தினவன், அதையும் சொல்லிடுறேன். வலப்பக்கக் காத்து, பெருசா ஒண்ணும் இல்ல, அழகா இறங்கினேன், என் வாழ்க்கையிலேயே நல்ல லேண்டிங்னு நினைச்சேன். ஓட்டம் குறைஞ்சு சைக்கிள் வேகத்துக்கு வந்துச்சு, ரேடியோ பக்கம் கை போச்சு, கால் ரெண்டும் தூங்கிடுச்சு, ஸ்டிக்கும் நடுவுக்கு வந்துடுச்சு. ஒரு சின்ன காத்து வால்ல தட்டுச்சு, அவ்ளோதான், வலப்பக்கமா பாதி வட்டம், இடது இறக்கை நுனி புல்ல உரசிக்கிட்டே வந்துச்சு. ஒண்ணும் உடையல, நுனியில ஒரு பச்சைக் கறை மட்டும். பின் சீட்டுல இருந்த இன்ஸ்ட்ரக்டர் ஒரு வார்த்தை பேசல, எஞ்சின் நின்னப்புறம் ஒரு துணிய நீட்டினார், கறைய நானே துடைச்சேன்.

நான் சிமுலேட்டர்ல டெயில்வீல் சூப்பரா இறக்குறேன், நிஜத்துலயும் வந்துடும்ல?

முதல்ல செட்டிங்ஸ்ல ஆட்டோ ரடர் ஆஃப் ஆகியிருக்கான்னு பாருங்க, நிறைய பேருக்கு ஆன்ல இருக்குறதே தெரியாது. அதை ஆஃப் பண்ணி, பெடல் வாங்கி, காத்து வெச்சுப் பழகினா கால் பழக்கம் கொஞ்சம் வரும், வீண் இல்ல. ஆனா நிஜத்துல மூக்கு திரும்புறத கண்ணுக்கு முன்னாடி உக்கார்ற இடம் சொல்லிடும், பின்பக்கம் ஒரு பக்கமா வழுக்குற மாதிரி ஒரு உணர்வு வரும், கால் தானா போகும். வீட்டு நாற்காலி அதைச் சொல்லாது.

செஸ்னா லைசன்ஸ் வெச்சிருக்கேன், நேரா போய் ஏறி ஓட்டலாமா?

அமெரிக்காவுலன்னா முடியாது. டெயில்வீலுக்குத் தனியா பயிற்சி எடுத்து இன்ஸ்ட்ரக்டர்கிட்ட லாக்புக்ல கையெழுத்து வாங்கணும், சாதா லேண்டிங், பக்கக் காத்து, வீல் லேண்டிங், கோ-அரவுண்ட் (இறங்காம மறுபடி மேல போறது) எல்லாம் காட்டணும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்னாடியே டெயில்வீல்ல பைலட் இன் கமாண்டா (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டா) மணிக்கணக்கு எழுதினவங்களுக்கு விலக்கு. இத்தனை மணி நேரம்னு சட்டத்துல இல்ல, சிலருக்கு ஆறு மணி நேரத்துல வந்துடும், எனக்குப் பதினொண்ணு ஆச்சு. மத்த நாட்டுல அந்தந்த ஊர் விதியக் கேட்டுக்கோங்க.

இவ்ளோ தொல்லைன்னா இன்னும் ஏன் வெச்சிருக்காங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே?

பெரும்பாலும் தூக்கிப் போட்டுட்டாங்களே. செஸ்னா 170-ங்கற டெயில்வீல எடுத்து மூக்குச் சக்கரம் மாட்டி 1956-ல 172-ன்னு விக்க ஆரம்பிச்சாங்க, அந்தக் காலுக்கு லேண்ட்-ஓ-மேட்டிக்னு பேர் வெச்சு விளம்பரம் பண்ணாங்க, அதுதான் 44,000-க்கு மேல வித்து உலகத்துலேயே அதிகமா செஞ்ச விமானம் ஆச்சு. சுத்துற பயம் இல்லாம இறங்கலாம்னதும் சனம் எந்தப் பக்கம் போச்சுன்னு அதுலயே தெரியுது.

ஆனா அலாஸ்காவுல ஆத்துக் கூழாங்கல்லு மேல இறங்குறவங்களுக்கு மூக்குச் சக்கரம் முதல் பள்ளத்துலயே உடையும், ப்ரொப்பெல்லர் கல்லக் கொத்தும். வால் சக்கரம்னா ப்ரொப்பெல்லர் உசரத்துல நிக்கும், முன்னால ரெண்டு பெரிய பலூன் டயர் மாட்டி சூப்பர் கப்ல ஜம்முனு இறங்குவாங்க. எடையும் கம்மி, காத்துத் தடையும் கம்மி. என்னை மாதிரி ஆளுங்க சும்மா பிடிச்சுப்போயும் வெச்சிருக்கோம். சிட்டாப்ரியாங்கற பேரையே பாருங்க, ஏர்பாட்டிக்ங்கறத இங்கிலீஷ்ல பின்னாலேர்ந்து எழுதினது, பேரே திரும்பி நிக்குது.

யாராவது வேணும்னே க்ரௌண்ட் லூப் போடுவாங்களா? கிளைடர்லயும் இது உண்டுன்னு சொல்றாங்களே?

போடுவாங்க, வேற வழியே இல்லாதப்ப. ரன்வே முடியுது, முன்னால மரம் இல்ல பள்ளம், பிரேக்கும் பத்தலன்னா, வேகம் ஓரளவு குறைஞ்சதும் ஒரு பக்க ரடரும் பிரேக்கும் மிதிச்சு தானே சுத்தி நிறுத்துறது. கால் போகும், இறக்கை போகும், மரத்துல மூக்க விட்டு முட்டுறத விட அது லாபம்னு கணக்கு.

கிளைடர்ல (எஞ்சின் இல்லாம மிதக்குற விமானம்) பெரும்பாலும் ஒரே பெரிய சக்கரம்தான், நிறைய மாடல்ல அது சி.ஜி.க்கு முன்னால இருக்கும், அதனால பீரோ கதை அங்கயும் செல்லும். ஆனா அங்க வில்லன் வேற, இறக்கை அவ்ளோ நீளம், நுனி உசரமான புல்லுல மாட்டினா அந்த நீளமே நெம்புகோல் ஆகி முழு விமானத்தையும் சுண்டி இழுக்கும், பக்கவாட்டு வேகத்துல வால் தரையில அடிச்சு ஒல்லியான பின்னுடம்பு முறியலாம். அதனால வயல்ல இறங்குறப்ப பயிர் எவ்ளோ உசரம்னு மேலேர்ந்தே பாத்துட்டுத்தான் கிளைடர்காரங்க வயல தேர்ந்தெடுப்பாங்க.